மிக்கயில் சுவெற் (1872 – 1919): புறத்துறிஞ்சலைப் பிரித்தெடுப்பு முறையாக மாற்றிய தாவரவியலாளர்

இலைச் சாற்றை வடிதாள் ஒன்றில் பொட்டாக இட்டு, அதன் அடியைக் கரைப்பானில் தோய்த்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால், பச்சையாகத் தெரிந்த சாறு மஞ்சள், நீலப்பச்சை, மஞ்சட்பச்சை எனப் பல பட்டிகளாகப் பிரிவதை மாணவர்கள் ஆய்வுகூடத்திற் கண்டிருப்பீர்கள். இச்செய்முறையின் பெயர் நிறப்பகுப்பியல். இதன் அடிப்படை புறத்துறிஞ்சல். இம்முறையை முதலில் ஒழுங்காக அமைத்து, அதற்குப் பெயரும் இட்டவர் மிக்கயில் செமியோனோவிச் சுவெற் என்னும் ரஷ்யத் தாவரவியலாளர். ரஷ்ய மொழியில் சுவெற் என்ற சொல்லுக்கு நிறம் என்று பொருள். நிறத்தைப் பகுத்தவரின் குடும்பப் பெயரே நிறமாக இருந்தது தற்செயலே. ஆயினும் அவர் தமது முறைக்குப் பெயர் வைத்தபோது இதை மனத்திற் கொண்டிருக்கக்கூடும் என்று கருதுவோர் உண்டு.

வரலாற்றினுள் நுழையுமுன் ஒரு சொல் விளக்கம் அவசியம். பரீட்சை விடைத்தாள்களில் மாணவர் பலர் புறத்துறிஞ்சலையும் அகத்துறிஞ்சலையும் மாற்றி எழுதிவிடுகின்றனர். நீர் ஊறிய பஞ்சில் நீர் பஞ்சின் உள்ளெங்கும் பரவுகிறது. அது அகத்துறிஞ்சல். ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் மட்டும் வேறொரு பொருளின் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்ளுமாயின் அது புறத்துறிஞ்சல். ஒட்டப்படும் இடமான திண்மம் புறத்துறிஞ்சி எனப்படும். ஒட்டுதல் மேற்பரப்பில் நிகழ்வதால், மேற்பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் கொள்ளளவும் கூடும். ஏவப்பட்ட காபனின் ஒரு கிராமில், நுண்டுளைகளின் சுவர்களையெல்லாம் சேர்த்துக் கணித்தால், 500 சதுர மீற்றருக்கும் கூடிய பரப்பு இருக்கும். ஒரு கைப்பிடி கரித்தூள் நிறமுள்ள நீரைத் தெளிவாக்குவது இதனாலேயே.

கரிக்கு இக்குணம் உண்டு என்பது சுவெற் பிறப்பதற்கு ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்திருந்தது. சுவீடனைச் சேர்ந்த ஷீலே 1773 இல் கரி வாயுக்களை உள்வாங்குவதைக் கண்டார். சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் மருந்தாளராகப் பணிபுரிந்த லோவிற்ஸ் 1785 இல், பழுப்பு நிறமான தாத்தாரிக்கமிலக் கரைசல் கரித்தூளுடன் சேரும்போது நிறம் நீங்குவதைக் கண்டார். 19 ஆம் நூற்றாண்டில் சீனி ஆலைகள் எலும்புக் கரியைக் கொண்டு சீனிப்பாகை வெளிற்றின. இவை அனைத்திலும் நோக்கம் ஒன்றே: வேண்டாததைப் பிடித்து வைத்துக்கொண்டு வேண்டியதைப் போகவிடுதல், அதாவது தூய்தாக்கல். பிடித்து வைக்கப்பட்டவற்றை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தித் திரும்பப் பெறலாம் என்பதை நிறுவி, அதை ஒரு பிரித்தெடுப்பு முறையாக வளர்த்தது சுவெற்றின் பணியாகும்.

சுவெற் 1872 மே 14 ஆந் திகதி வட இத்தாலியில் உள்ள அஸ்ரி என்னும் நகரிற் பிறந்தார். தந்தை ரஷ்ய அரச உத்தியோகத்தர். தாய் இத்தாலியர். பயணத்தின் நடுவே பிறந்த குழந்தை அவர். பிறந்து சிறிது காலத்திலேயே தாய் இறந்தார். தந்தை பணிக்குத் திரும்பவேண்டியிருந்ததால் குழந்தை சுவிற்சர்லாந்தில் விடப்பட்டு, லோசான் நகரிலும் பின்னர் ஜெனீவாவிலும் வளர்ந்தது. ஆகவே பெயராலும் குடியுரிமையாலும் ரஷ்யராக இருந்த சுவெற், பேச்சாலும் படிப்பாலும் சுவிற்சர்லாந்துக்காரராகவே வளர்ந்தார். அவரது கல்வி மொழி பிரெஞ்சு.

ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் 1893 இல் பௌதிகமும் கணிதமும் கற்றுப் பட்டம் பெற்றார். அதன்பின் தாவரவியலுக்கு வந்து, தாவரக் கலத்தின் உடற்றொழில் பற்றிய ஆய்வுக்காக 1896 இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பௌதிகம் கற்றுவிட்டுத் தாவரவியலுக்கு வந்தமை பின்னர் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. மற்றத் தாவரவியலாளர் இலையினுள் இரசாயனத் தாக்கங்களைத் தேடிய இடத்தில், இவர் மேற்பரப்பு விசைகளைத் தேடினார்.

அதே 1896 இல், 24 வயதில், அவர் ரஷ்யா சென்றார். தம் நாடு என எண்ணிச் சென்ற இடத்தில் முதற் தடை காத்திருந்தது. ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டத்தை ஏற்றுக்கொள்வதில்லை. அங்கு பேராசிரியராவதற்கு முதலில் ரஷ்ய முதுமாணிப் பட்டமும் பின்னர் ரஷ்யக் கலாநிதிப் பட்டமும் பெறவேண்டும். ஆய்வாளராகப் பெயர் பெற்ற ஒருவர் மீண்டும் மாணவர் வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று. சென் பீற்றர்ஸ்பேர்க்கில் ஆய்வுகூடப் பணியும் கற்பித்தலுமாக ஐந்து ஆண்டுகள் கழிந்தன. பச்சையவுருமணியின் அமைப்புப் பற்றிய ஆய்வேட்டைக் கசான் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்து 1901 இல் முதுமாணியானார். கலாநிதிப் பட்டத்தை இரண்டாவது முறையாகப் பெற 1910 வரை காத்திருக்க நேர்ந்தது.

1902 இல் வார்சோ பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பகுதியில் அவருக்கு ஓர் உதவியாளர் பதவி கிடைத்தது. வார்சோ அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட போலந்து நகரம். பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழியே போதனா மொழி. அவரது முக்கிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது இங்கேதான்.

அன்றைய தாவரவியலில் தீர்க்கப்படாதிருந்த ஒரு சிறு புதிரிலிருந்து அது தொடங்கியது. மாணவர்கள் இதனைக் கவனமாக வாசிக்க வேண்டும். முழுக் கண்டுபிடிப்பும் இதில் அடங்கியுள்ளது.

பிரித்தெடுத்து உலர்த்திய பச்சையத்தைப் பெற்றோலிய ஈதரில் இட்டால் எளிதிற் கரைகிறது. ஆனால் பச்சை இலையை அரைத்து அதே பெற்றோலிய ஈதரை ஊற்றினால், பச்சையம் வருவதில்லை. மஞ்சள் நிறக் கரற்றீன் மட்டுமே வருகிறது. ஈதருடன் சிறிதளவு அற்ககோலைச் சேர்த்தவுடன் பச்சை நிறம் முழுவதும் கரைந்து வந்துவிடுகிறது. இது ஏன்? இலையில் உள்ள பச்சையம் வேறு, கரைசலில் உள்ள பச்சையம் வேறு, அற்ககோல் அதனை இரசாயன ரீதியாக மாற்றிவிடுகிறது என்பதே பலர் சொன்ன விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமான விளக்கந்தான்.

சுவெற் இதனை ஏற்கவில்லை. பச்சையம் மாறவில்லை, அது இலை இழையத்தின் மேற்பரப்பில் ஒட்டப்பட்டுள்ளது, ஒட்டும் விசையை வெல்லும் ஆற்றல் பெற்றோலிய ஈதருக்கு இல்லை, அற்ககோலுக்கு உண்டு என்று அவர் கருதினார். கருதியதோடு நிற்காமல் அதைச் சோதிக்க ஒரு வழியும் கண்டார். இலையிலிருந்து எடுத்த நிறப்பொருட்களைக் கரைசலாக்கி, அக்கரைசலை வெறும் வடிதாளில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாகவிட்டார். இப்போது வடிதாள் பச்சையாயிற்று. இதில் உயிருள்ள கலமும் இல்லை, இலையும் இல்லை, இருப்பது செலுலோசு மட்டுமே. அத்தாளைப் பெற்றோலிய ஈதரில் இட்டபோது, இலையில் நிகழ்ந்தது அப்படியே நிகழ்ந்தது: கரற்றீன் மட்டும் கழன்று வந்தது, பச்சை தாளிலேயே நின்றது. சிறிது அற்ககோல் சேர்த்ததும் பச்சையும் வந்தது. இலை செய்வதை ஒரு துண்டுத் தாளும் செய்கிறது என்றால், காரணம் உயிர்த்தொழிலும் அன்று, இரசாயன மாற்றமும் அன்று. அது புறத்துறிஞ்சலே.

அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது. வெவ்வேறு நிறப்பொருட்கள் வெவ்வேறு வலிமையுடன் ஒட்டுமாயின், அந்த வேறுபாட்டைக் கொண்டே அவற்றைப் பிரிக்கலாகாதா?

அவர் கையிற் கிடைத்த தூள்களையெல்லாம் சோதித்தார். உப்புகள், ஒட்சைட்டுகள், கரி, மாப்பொருள், சீனி என நூற்றுக்கு மேற்பட்ட திண்மங்களை அவர் புறத்துறிஞ்சிகளாகப் பரீட்சித்துப் பட்டியலிட்டார். சில நிறப்பொருளைப் பிடிக்கவேயில்லை. சில பிடித்ததை விடவேயில்லை. சில பச்சையத்தைப் பிடித்துச் சிதைத்தும்விட்டன. தேவைப்பட்டது நடுத்தரமான ஒன்று: பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும், சிதைக்கவும் கூடாது. இறுதியில் அவர் பெரிதும் விரும்பியது நன்கு உலர்த்திய, மிக நுண்ணிய கல்சியம் காபனேற்றுத் தூள். இனுலினும் தூளாக்கிய சீனியும் அவருக்குப் பயன்பட்டன. விலையுயர்ந்த பொருள் எதுவும் இப்பட்டியலின் முன்வரிசையில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

உபகரணமும் எளியதே. அடியில் ஒடுங்கிய ஒரு கண்ணாடிக் குழாய். அவர் தொடக்கத்திற் பயன்படுத்திய குழாயின் விட்டம் 2 முதல் 3 மில்லிமீற்றர் மட்டுமே. ஒடுங்கிய வாயிலில் சிறிது பஞ்சு. அதன்மேல் கல்சியம் காபனேற்றுத் தூள், இடைவெளி இல்லாதவாறு இறுக்கி அடைக்கப்பட்டது. மேலிருந்து, காபனிருசல்பைட்டில் கரைத்த இலை நிறப்பொருட் கரைசல் ஊற்றப்பட்டது. தூளின் மேற்பகுதியில் ஒரு பச்சை வளையம் உண்டாயிற்று. அதன்பின் தூய கரைப்பானைத் தொடர்ந்து ஊற்றியபோது, பச்சை வளையம் விரிந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக நிறப்பட்டிகளாகப் பிரிந்தது.

கரற்றீன் ஏறத்தாழத் தடையின்றி அடியால் வெளியேறியது. அடுத்து மஞ்சள் நிறச் சாந்தோபில் பட்டிகள். ஒன்றல்ல, பல. அவற்றின்மேல் நீலப்பச்சைப் பட்டி: இன்று நாம் குளோரோபில் a என அழைப்பது. அதற்கும் மேலே மஞ்சட்பச்சைப் பட்டி: குளோரோபில் b. எல்லாவற்றுக்கும் மேலே இன்னுமொரு மஞ்சட் பட்டி. நிறப்பட்டிகள் தெளிவாகப் பிரிந்தவுடன், தூள் நிரலை ஒரு குச்சியால் குழாயிலிருந்து வெளியே தள்ளி, கத்தியால் பட்டி பட்டியாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அற்ககோலில் இட்டு நிறப்பொருளைத் தனியாகப் பெற்றார். அவ்வளவுதான் செய்முறை. சூடாக்கல் இல்லை, அமிலம் இல்லை, காரம் இல்லை. பச்சையம் போன்ற எளிதிற் சிதையும் பொருளுக்கு இதைவிட மென்மையான முறை அன்று இருக்கவில்லை.

பட்டிகளின் ஒழுங்கைப் பற்றி அவர் ஒரு விதியையும் முன்வைத்தார். கரைந்துள்ள பொருட்களை அவை ஒட்டும் வலிமைப்படி ஒரு தொடராக அடுக்கலாம். வலிமையாக ஒட்டுவது, வலிமை குறைந்ததை மேற்பரப்பிலிருந்து பெயர்த்து அதன் இடத்தைப் பிடிக்கும். பெயர்க்கப்பட்டது கரைப்பானுடன் கீழே சென்று புதிய தூளில் ஒட்டும். இப்பெயர்ப்பு நிரல் நெடுகிலும் ஆயிரமாயிரம் தடவை நிகழ்வதால், சிறு வேறுபாடும் பெரிய இடைவெளியாகிறது.

சுவெற்றுக்கு அன்று மூலக்கூற்றுக் கட்டமைப்புத் தெரியாது. நமக்குத் தெரியும். கரற்றீன் (C40H56) வெறும் ஐதரோகாபன். முனைவுத்தன்மை இல்லாததால் கல்சியம் காபனேற்றின் அயன்களுக்கு அதனைப் பிடிப்பதற்கு எதுவுமில்லை. இலையிலுள்ள முக்கிய சாந்தோபிலில் (C40H56O2) இரண்டு –OH கூட்டங்கள் உள்ளன. குளோரோபில் a யிலுள்ள ஒரு –CH3 கூட்டத்தின் இடத்தில் குளோரோபில் b யில் –CHO கூட்டம் உள்ளது. இந்த ஒரேயொரு கூட்டத்தின் வேறுபாடே b யை மேலே நிறுத்துகிறது. அற்ககோல் ஏன் எல்லாவற்றையும் கழற்றியது என்பதும் இப்போது விளங்கும். அது முனைவுத்தன்மை கூடிய கரைப்பான் ஆதலால், நிறப்பொருள் ஒட்டியிருந்த இடங்களைத் தானே பிடித்துக்கொள்கிறது.

இம்முயற்சிகளின் தொடக்கத்தை 1903 மார்ச் 21 இல் வார்சோ இயற்கையியலாளர் சங்கத்தில் உரையாக நிகழ்த்தினார். உரை ரஷ்ய மொழியில். அது வெளியான சஞ்சிகையும் அந்நகருக்கு வெளியே அதிகம் செல்லாதது. கேட்டவர் சிலர், வாசித்தவர் அதனினும் சிலர். 1905 இல் பேரரசெங்கும் கிளர்ச்சி எழுந்தது. வார்சோ பல்கலைக்கழகம் மூடப்பட்டு 1908 வரை திறக்கப்படவில்லை. இவ்விடைவெளியில், 1906 இல், ஜேர்மன் தாவரவியற் சங்கத்தின் சஞ்சிகையில் ஜேர்மன் மொழியில் இரு கட்டுரைகளை வெளியிட்டார். நிறப்பகுப்பியல் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல் முதன்முதலில் அச்சேறியது இவற்றில்தான். அவர் அம்முறை நிறமற்ற பொருட்களுக்கும் ஏற்புடையது என்பதையும் குறிப்பிட்டிருந்தார். பெயரில் நிறம் இருப்பதால் நிறப்பொருட்களுக்கு மட்டுமே உரியது என எண்ணிவிடக்கூடாது. 1907 இல் பேர்லின் சென்று, நிறப்பட்டிகள் தெரியும் நிரல்களைச் சங்கத்தின் முன் நேரிற் காட்டவும் செய்தார். அதே ஆண்டு அவரது திருமணம் நிகழ்ந்தது. வார்சோ மிருக வைத்திய நிறுவகத்திலும், 1908 முதல் பல்தொழினுட்ப நிறுவகத்திலும் கற்பித்தார்.

ஜேர்மன் மொழியில் எழுதியதன் விளைவு எதிர்பாராததாக இருந்தது. முறையைப் பலர் வாசித்தனர். ஆனால் ஏற்றவர் மிகச் சிலரே. கிராக்கோ நகரின் இரசாயனவியலாளர் மார்க்லெவ்ஸ்கி, பச்சையம் பற்றிய தமது கருத்துகளை இந்த இளைஞர் மறுப்பதை விரும்பவில்லை. வடிகட்டல் பரிசோதனை ஒன்றைச் செய்துவிட்டுப் பச்சைய இரசாயனத்தையே சீர்திருத்தப் புறப்பட்டவர் எனச் சுவெற்றை இகழ்ந்து எழுதினார். சுவெற்றும் பணிந்து போகிறவர் அல்லர். பதிலுக்குக் கடுமையாகவே எழுதினார். அவரது பேனாவின் கூர்மை அவருக்கு நண்பர்களைத் தேடித் தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதனினும் பெரிய தடை வில்ஸ்ரேற்றர் வழியாக வந்தது. ரிச்சாட் வில்ஸ்ரேற்றர் அக்காலத்தில் பச்சையம் பற்றிய ஆய்வின் தலைவர் என மதிக்கப்பட்டவர். பச்சையத்தில் மகனீசியம் உண்டென நிறுவியவர். அதற்காக 1915 இன் இரசாயன நோபல் பரிசைப் பெற்றவர். பச்சையம் a, b என இரு வகைப்படும் என்பதில் அவர் சுவெற்றுடன் உடன்பட்டார். ஆனால் முறையை ஏற்கவில்லை. அவரது ஆய்வுகூடத்தில் புறத்துறிஞ்சி நிரலைப் பரீட்சித்தபோது பச்சையம் சிதைந்துபோயிற்று. பொருத்தமற்ற, கடுமையான புறத்துறிஞ்சியைத் தெரிவுசெய்தமையே அதற்குக் காரணம் என்பது விஞ்ஞான வரலாற்றாசிரியரின் கருத்து. நூற்றுக்கு மேற்பட்ட தூள்களைச் சோதித்துச் சுவெற் பெற்ற அறிவு எதற்கு என்பது இவ்விடத்தில் விளங்குகிறது. புறத்துறிஞ்சியின் தெரிவு தவறினால் முறை முழுவதும் தவறிவிடும். மேலும், இரசாயனவியலாளர் அன்று பொருளைக் கிராம் கணக்கில் பளிங்காக எடுத்துப் பழகியவர்கள். ஒரு விரற்பருமனுக்கும் குறைந்த குழாயில் மில்லிகிராம் கணக்கில் வரும் நிறப்பட்டி அவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றியது. பெரியவர் ஒருவர் பயனில்லை என்றதும் மற்றோர் முயன்று பார்க்கவுமில்லை.

1910 இல் தமது ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி, தாவர, விலங்கு உலகங்களின் நிறப்பொருட்கள் பற்றிய பெருநூலாக ரஷ்ய மொழியில் வெளியிட்டார். இதுவே அவரது இரண்டாவது கலாநிதி ஆய்வேடு. 1911 இல் ரஷ்ய விஞ்ஞானக் கழகம் இந்நூலுக்குப் பரிசளித்தது. அவர் வாழ்நாளிற் கண்ட பெரிய அங்கீகாரம் இதுவே. நூல் ரஷ்ய மொழியில் இருந்தமையால் மேற்கு ஐரோப்பாவில் அதை வாசிக்கக்கூடியவர்கள் அரிதாகவே இருந்தனர்.

பின்னர் போர் வந்தது. 1915 ஆகஸ்டில் ஜேர்மன் படைகள் வார்சோவைக் கைப்பற்றின. பல்தொழினுட்ப நிறுவகம் முதலில் மொஸ்கோவுக்கும், 1916 இல் நிஸ்னி நொவ்கொரொட் நகருக்கும் இடம்பெயர்ந்தது. சுவெற்றும் உடன் சென்றார். இடம்பெயர்ந்த ஒரு கல்வி நிறுவனத்தில் ஆய்வு எவ்வாறு நடைபெறும் என்பதை நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கட்டடம் தேடுவதும், கருவி தேடுவதும், வகுப்புகளை மீளத் தொடங்குவதுமாக ஆண்டுகள் கழிந்தன. ஏற்கனவே நலிந்திருந்த அவரது இருதயம் மேலும் பலவீனமடைந்தது.

அதே 1915 மே மாத இறுதியில் வார்சோவுக்கு மேற்கேயுள்ள போர்முனையில் ரஷ்யப் படைகள்மீது குளோரீன் வாயு ஏவப்பட்டது. அதற்கு விடையாக ரஷ்ய இரசாயனவியலாளர் செலின்ஸ்கி ஏவப்பட்ட கரி நிரப்பிய வாயுக் கவசத்தை அமைத்தார். நச்சு வாயு கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள, தூய வளி சுவாசத்திற்குச் சென்றது. சுவெற் இலைகளிற் பயின்ற அதே தோற்றப்பாடு இங்கே உயிர்களைக் காத்தது. வாயுக் கவசத்தை உடனே படைகள் கேட்டன. நிறப்பகுப்பு நிரலை எவரும் கேட்கவில்லை.

1917 இல், 45 ஆவது வயதில், இன்று எஸ்தோனியாவில் உள்ள தார்த்து நகரின் பல்கலைக்கழகம் அவரைத் தாவரவியற் பேராசிரியராகவும் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராகவும் நியமித்தது. நிரந்தரமான பதவியும் ஒரு பூங்காவும் முதன்முறையாக அவருக்குக் கிடைத்தன. அது ஓர் ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1918 பெப்ரவரியில் ஜேர்மன் படைகள் அந்நகரையும் கைப்பற்றின. ரஷ்ய ஆசிரியர்கள் தெற்கேயுள்ள வொரொனெஸ் நகருக்கு அனுப்பப்பட்டனர். அவர் அங்கே சென்றபோது உள்நாட்டுப் போரும் பஞ்சமும் நிலவின. 1919 ஜூன் 26 இல், 47 வயதில், வொரொனெஸில் காலமானார்.

1918 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டிருந்தது. முன்மொழிந்தவர் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரைச் சேர்ந்த வான் விசெலிங் என்னும் தாவரவியலாளர். அவ்வாண்டுக்குரிய பரிசு அமோனியாத் தொகுப்புக்காக ஃபிறிற்ஸ் ஹேபருக்கு வழங்கப்பட்டது. போரில் குளோரீன் வாயுவைப் பயன்படுத்தும் பணியை முன்னின்று நடத்தியவரும் இதே ஹேபர்தான்.

சுவெற் இறந்தபின் அவரது முறை முற்றாக அழியவில்லை, உறங்கிக் கிடந்தது என்பதே சரி. அமெரிக்காவில் பாமர் என்பவர் பாலிலும் வெண்ணெயிலும் உள்ள மஞ்சள் நிறப்பொருட்களை ஆராய அதனைப் பயன்படுத்தி, 1922 இல் வெளியிட்ட நூலில் விபரித்திருந்தார். 1930 இன் இறுதியில் ஜேர்மனியின் ஹைடில்பேர்க் நகரில், ரிச்சாட் கூன் என்பவரின் ஆய்வுகூடத்திற்கு எட்கர் லெடரர் என்ற 22 வயது இளைஞர் வந்து சேர்ந்தார். முட்டை மஞ்சட்கருவின் நிறப்பொருள் ஒரே பொருளா, கலவையா என்பது அவருக்குத் தரப்பட்ட கேள்வி. பாமரின் நூலில் சுவெற்றின் பெயரைக் கண்ட அவர் மேலும் விபரம் கேட்டபோது, கூன் அவரிடம் ஒரு கையேட்டைக் கொடுத்தார். அது 1910 ஆம் ஆண்டு ரஷ்ய நூலின் ஜேர்மன் மொழிபெயர்ப்பு. அதனைத் தமது சொந்தப் பயனுக்காகச் செய்வித்திருந்தவர் வில்ஸ்ரேற்றர். தமது மாணவரான கூனிடம் அதனைக் கொடுத்திருந்தவரும் அவரே. முறையை ஒதுக்கியவரின் கையிலிருந்தே அது மீண்டு வந்தது.

லெடரர் கல்சியம் காபனேற்று நிரலைக் கட்டினார். மஞ்சட்கருவின் நிறப்பொருள் லூற்றீன், சியாசாந்தின் என இரண்டாகப் பிரிந்தது. அடுத்து அலுமினா நிரலில், ஒரே பொருளென 100 ஆண்டுகளாக நம்பப்பட்ட கரட் கிழங்கின் கரற்றீன், α, β என இரு சமபகுதியங்களாகப் பிரிந்தது. 1931 இல் முடிவுகள் வெளியாயின. சில ஆண்டுகளில் ஐரோப்பாவின் ஆய்வுகூடங்கள் பலவற்றில் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய்கள் காணப்பட்டன. கரற்றீன் சார்ந்த பொருட்களும் விற்றமின்களும் பற்றிய ஆய்வுகளுக்காக 1937 இல் காரரும் 1938 இல் கூனும் நோபல் பரிசு பெற்றனர். 1941 இல் மாட்டினும் சிங்கும் புறத்துறிஞ்சலுக்குப் பதிலாக இரு திரவங்களுக்கிடையிலான பங்கீட்டைப் பயன்படுத்தும் முறையை அமைத்து, 1952 இல் நோபல் பரிசு பெற்றனர். தாள், மென்படை, வாயு நிறப்பகுப்பியல் முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. இன்று மருந்தின் தூய்மையையும் நீரிலுள்ள பூச்சிகொல்லியின் அளவையும் அறிய உதவும் கருவிகளினுள்ளே இருப்பதும், சிலிக்கா முதலிய நுண்டூள் அடைத்த ஒரு நிரலே.

வொரொனெஸில் சுவெற்றின் கல்லறை இருந்த இடம் காலப்போக்கில் மறைந்துபோயிற்று. மிகப் பிந்திய காலத்திலேயே அந்நகரிலுள்ள ஒரு மடாலயத்தின் வளவில் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது.

மாணவர் கவனத்திற்கு: சுவெற்றின் நிரலில் கரைப்பான் மேலிருந்து கீழே செல்கிறது. எனவே குறைந்த வலிமையுடன் ஒட்டும் கரற்றீன் அடியில் முதலில் வெளியேறுகிறது. பாடசாலை ஆய்வுகூடத்தில் வடிதாளில் செய்யும்போது கரைப்பான் கீழிருந்து மேலே ஏறுகிறது. ஆகவே கரற்றீன் தாளின் உச்சியிலும், அதன்கீழ் முறையே சாந்தோபில், குளோரோபில் a, குளோரோபில் b என்பனவும் காணப்படும். இரண்டு ஒழுங்குகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. விடை எழுதும்போது பட்டிகள் மேலே, கீழே எனக் குறிப்பிடாது, தொடக்கக் கோட்டிலிருந்து அசைந்த தூரம் கூடியது, குறைந்தது என எழுதுக. புறத்துறிஞ்சியையோ கரைப்பானையோ மாற்றினால் ஒழுங்கு மாறக்கூடும் ஆதலால், அவ்விரண்டின் பெயரையும் விடையிற் குறிப்பிடத் தவறாதீர்கள்.